800 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினி: எதைப் பார்த்து வாங்குவது?

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் நான்காம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். பாலர்பள்ளி ஆசிரியர். அம்மா திருச்சியில் இருப்பதால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஊருக்குப் போய்வருவார். போன மாதம் ஒரு மாலை, கடை விளம்பரத் தாள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். “தம்பி, 800 வெள்ளி வச்சிருக்கேன். இதுல எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க, நாளைக்கே போய் வாங்கிடறேன்” என்றார். தாளில் பதினான்கு மடிக்கணினிகள் இருந்தன. ஏறக்குறைய எல்லாப் படங்களுக்குக் கீழும் ஒரே மாதிரியான வரி: கோர் ஐ5, 8 ஜிபி, 512 ஜிபி, 15.6 அங்குலம், விண்டோஸ் 11.

நான் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. அந்த ஒற்றை வரியை வைத்துச் சொல்லவும் முடியாது. பதிலுக்கு அவரிடம்தான் கேட்டேன். கணினியை எங்கே வைத்துத் திறப்பீர்கள், எவ்வளவு நேரம், யார் தூக்கிக்கொண்டு போவது, இப்போது இருப்பதில் எது உங்களுக்குக் கோபம் வரவைக்கிறது?

காலையில் பேருந்தில் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். வகுப்பில் பெரிய திரையோடு இணைத்துப் படங்களும் பாட்டும் காட்ட வேண்டும். இரவில் பாடக் குறிப்புகளைத் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும். அம்மாவோடு வீடியோ அழைப்பு. ஊருக்குப் போனால் கைப்பேசிப் படங்களை இறக்கி வைப்பது, வங்கி வேலை, விமானத்தில் ஒரு படம். அவ்வளவுதான். இதில் கனமான வேலை ஒன்றுகூட இல்லை. நம்மில் பலருடைய தேவையும் ஏறக்குறைய இதுதான். சரியான இடத்தில் செலவழித்தால் 800 வெள்ளி இதற்குப் போதும்.

சரியான இடம் எது? மடிக்கணினியில் சில பாகங்களைப் பிறகு மாற்றலாம், அல்லது வெளியே வாங்கிச் சேர்க்கலாம். சிலவற்றின் தலையெழுத்து வாங்கிய அன்றே முடிந்துவிடும். திரை, எடை, செயலி, விசைப்பலகை, பல மாடல்களில் ரேம், இவையெல்லாம் இரண்டாவது வகை. கையில் இருக்கும் பணம் முதலில் இவற்றுக்குப் போக வேண்டும். சேமிப்பு இடம், மவுஸ், பை, ஒலிபெருக்கி ஆகியவற்றைப் போனஸ் வரும் மாதத்தில்கூட வாங்கிக்கொள்ளலாம். கடை விளம்பரம் இதைத் தலைகீழாகக் காட்டும். 512 ஜிபி என்று பெரிய எழுத்தில் இருக்கும். திரை எவ்வளவு மங்கல் என்று எங்கேயும் இருக்காது.

பரோட்டாக் கல்

செயலி, ரேம், எஸ்எஸ்டி. புதிதாக வாங்குபவர்களைத் திகைக்க வைக்கும் மூன்று சொற்கள் இவை. காப்பிக்கடையில் பரோட்டா போடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர்தான் செயலி. அவருக்கு முன்னால் இருக்கும் கல்தான் ரேம். பின்னால் மாவும் முட்டையும் அடுக்கியிருக்கும் குளிர்பெட்டி எஸ்எஸ்டி.

கல் சின்னதாக இருந்தால், மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரே நேரத்தில் நான்கு பரோட்டாதான் வேகும். ஐந்தாவது ஆர்டர் வந்தால், ஒன்றைப் பாதி வேக்காட்டில் தட்டுக்கு எடுத்துவிட்டு, புதியதைப் போட்டு, அப்புறம் பழையதை மறுபடி கல்லில் ஏற்ற வேண்டும். கணினியும் இதையே செய்கிறது. ரேம் நிரம்பியதும், நீங்கள் பார்க்காமல் விட்டிருக்கும் பக்கங்களை எஸ்எஸ்டியில் இறக்கி வைக்கிறது. திரும்ப அந்தப் பக்கத்தைத் தொடும்போது எடுத்து ஏற்றுகிறது. வீடியோ அழைப்பின் நடுவே வேறொரு ஆவணத்தைத் திறந்தால் ஒரு தயக்கம் வருகிறதே, அந்தத் தயக்கம் இதுதான். ‘கணினி ஸ்லோவாயிடுச்சு’ என்று நாம் சொல்வதில் பாதிக்குமேல் கல் போதாத பிரச்சினை. மாஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதித்த அளவு. அந்த அளவில் கணினி திறக்கும், மூடும். நிம்மதியாக வேலை செய்ய 8 ஜிபி வேண்டும். அதிலும் ஒரு பகுதியைத் திரைக் காட்சிக்கான கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் இந்த விலையில் வரும் கணினிகளில் அதற்கெனத் தனி நினைவகம் கிடையாது. நான்கைந்து ஆண்டுகள் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் 16 ஜிபிதான் என் விருப்பம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேம், உள்ளே எல்லாப் பாகங்களையும் தாங்கும் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். 8 என்று வாங்கினால் கடைசிவரை 8தான். வேறு சிலவற்றில் கழற்றிப் போடக்கூடிய ஸ்லாட் இருக்கும். அப்படி இருந்தால் இன்று 8 ஜிபியோடு வாங்கி, அடுத்த ஆண்டு கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடத்தில் இன்னொரு 8 சேர்த்துக்கொள்ளலாம். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: “ரேம் ஒட்டினதா, ஸ்லாட் இருக்கா?” விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால், அந்த மாடலின் முழு எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் பாருங்கள். ஒரே பெயரில் ஐந்தாறு உட்பிரிவுகள் இருக்கும் என்பதால் கடைசி எழுத்துவரை குறித்துக்கொள்ள வேண்டும்.

2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். அதனால் 16 ஜிபி கைக்கு எட்டவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். ஸ்லாட் உள்ள 8 ஜிபி கணினி நல்ல சமரசம். ஒட்டிய 8 ஜிபி கணினியை நான் யாருக்கும் மனதார சிபாரிசு செய்வதில்லை.

செயலியின் பெயரைப் படிப்பது

“ஐ5னா நல்லது, ஐ7னா ரொம்ப நல்லது” என்பது நம்மிடையே பரவலான நம்பிக்கை. அந்த எண் ஒரே தலைமுறைக்குள் இருக்கும் தரவரிசை மட்டுமே. முக்கியமானது அதற்குப் பிறகு வரும் எண். ஐ5-1235யூ என்றால் முதலில் இருக்கும் 12 தலைமுறையைச் சொல்கிறது. ஐ7-7500யூ என்றால் ஏழாம் தலைமுறை. 12ஆம் தலைமுறை ஐ3 மடிக்கணினி, ஏழாம் தலைமுறை ஐ7ஐ எளிதாக முந்தும். அண்ணன் மகன் விற்கும் பழைய ‘ஐ7’ மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்கும் முன் இந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள். 2023 இறுதியிலிருந்து, இந்தச் செயலிகளைத் தயாரிக்கும் இன்டெல் ‘ஐ’ எழுத்தையே விட்டுவிட்டது. இப்போது கோர் 3, கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று வருகின்றன.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் வரிசையில் இன்னும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ, இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு போலத் தெரியும். 7000 வரிசையில் மூன்றாம் இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 2 என்றால் 2019இல் வந்த ஜென் 2. 3 என்றால் 2020இல் வந்த ஜென் 3. 4 என்றால் 2022இல் வந்த ஜென் 4. ஒரு இலக்கத்தில் இத்தனை வித்தியாசம். அத்துடன் 7520யூ வகையோடு வரும் ரேம் ஒட்டிய ரேம் மட்டுமே; பிறகு கூட்ட வழியில்லை. மலிவு விலைக் கணினிகளில் இந்தச் செயலி நிறைய வந்தது. வீட்டில் கடிதம் எழுதவும் செய்தி படிக்கவும் போதும். அக்காவைப் போல நாள் முழுவதும் வேலை செய்பவருக்கு 7530யூ வகை எவ்வளவோ மேல்.

இன்டெல் என்100 என்று ஒன்று மிகக் குறைந்த விலைக் கணினிகளில் வரும். உள்ளே வேலையைப் பகிர்ந்து செய்யும் சின்னச் சின்ன நான்கு கோர்கள், மின்சாரம் குறைவாகக் குடிக்கும். தொடக்கப்பள்ளிப் பிள்ளை தட்டச்சு பழக இது போதும். ஸூம் வகுப்பை நடத்திக்கொண்டே பத்துப் பக்கங்களைத் திறந்து வைப்பவருக்குப் போதாது. எண்ணின் முடிவில் வரும் எழுத்தையும் பாருங்கள். ‘யூ’ என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும், பயணத்துக்கு ஏற்றது. ‘எச்’ என்றால் வேகம் அதிகம், சூடும் அதிகம், பேட்டரி சீக்கிரம் தீரும்.

குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் செயலி உள்ள கணினிகளில் பேட்டரி அருமையாக நிற்கும். ஆனால் பழைய மென்பொருள்களும் சில பிரிண்டர்களும் அதில் ஓடாமல் போகலாம். வீட்டில் இருக்கும் பிரிண்டரின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டடக்கலை, அனிமேஷன், விளையாட்டு வடிவமைப்பு படிக்கப்போகும் பிள்ளைக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. கல்லூரி தரும் பட்டியலின்படி வாங்குங்கள்.

சேமிப்பு இடம்

இதை நான் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரங்கள் சத்தம் போடுகிற அளவுக்கு இது முக்கியமில்லை. எஸ்எஸ்டி இருக்க வேண்டும். 256 ஜிபி போதும், 512 சுகம். 256 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 238 என்றுதான் காட்டும். அது ஏமாற்று வேலை இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுத்து எண்ணுகிறது. நிரம்பிவிட்டால் கையடக்க எஸ்எஸ்டி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில் உள்ளே இருப்பதையே கழற்றிப் பெரிதாகப் போடலாம்.

தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு: இஎம்எம்சி. மிகமிக மலிவான கணினிகளில் எஸ்எஸ்டிக்குப் பதில் 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி இருக்கும். வேகம் குறைவு, பலகையோடு ஒட்டியது, மாற்ற முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவுக்கு 64 ஜிபி இஎம்எம்சி கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். படிக்கத்தானே போகிறார் என்று நினைத்தேன். ஒரே ஆண்டில், விண்டோஸ் புதுப்பிப்புக்கு இடம் இல்லை என்று தினமும் அறிவிப்பு வரத் தொடங்கியது. அப்பா தன் படங்களை ஒவ்வொன்றாக அழித்து இடம் பண்ணிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பேரப்பிள்ளைகளின் படங்கள். அன்றிலிருந்து இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணும் விரலும்

திரையை மாற்ற முடியாது. மாற்றலாம் என்றாலும் அந்தச் செலவில் பாதிக் கணினி வாங்கிவிடலாம். அதனால் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை 1920க்கு 1080, அல்லது அதைவிடச் சற்று உயரமான 1920க்கு 1200 இருக்க வேண்டும். உயரம் கூடினால் ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வரிகள் கூடுதலாகத் தெரியும். எழுதுபவர்களுக்கு அது பெரிய ஆறுதல். 1366க்கு 768 என்றால் தமிழ் எழுத்துகளின் சுழிகளும் புள்ளிகளும் மசங்கும். ஐபிஎஸ் திரையா என்று கேளுங்கள். பழைய டிஎன் வகையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மாறி, முகம் கறுத்துத் தெரியும். வீடியோ அழைப்பில் நாலு பேர் கூடி உட்கார்ந்து பார்க்கும் நம் வீடுகளுக்கு அது ஒத்துவராது.

வெளிச்சத்தை நிட் என்ற அளவில் சொல்வார்கள். மலிவுக் கணினிகளில் 250 நிட் இருக்கும். அறைக்குள் போதும். சன்னலோரம், புளோக்கின் கீழ்த்தளம், விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவருக்குப் பக்கம் என்று உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும். 300 இருந்தால் நல்லது, 400 இருந்தால் மகிழ்ச்சி. ‘45 சதவீத என்டிஎஸ்சி’ என்று குறிப்பில் பார்த்தால் நிறங்கள் வெளிறித் தெரியும் என்று பொருள். ‘100 சதவீத எஸ்ஆர்ஜிபி’ என்றால் படங்கள் உள்ளபடி தெரியும்.

விசைப்பலகையைக் கடையில் நின்று இரண்டு நிமிடமாவது தட்டிப் பாருங்கள். அழுத்தினால் நடுவில் வளைந்து கொடுக்கும் பலகையில் நீண்ட நேரம் எழுத முடியாது. தமிழ் எழுத்து அச்சிட்ட விசைகளைத் தேடி அலைய வேண்டாம். விண்டோஸிலும் ஆப்பிளின் மேக்கிலும் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும். ஆங்கில ஒலிப்படி தட்டுபவர்களுக்கும் வழி உண்டு. இது இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு இதே சிங்கப்பூரில்தான் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் நம்மூர் நா. கோவிந்தசாமி. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்று சிதறிக் கிடந்த காலம் அது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1999 சென்னை மாநாட்டில் பிறந்ததுதான் தமிழ் 99. கணினி வாங்கிய அன்றே தமிழில் எழுத முடிகிறது என்றால், அதற்கு உழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பயணம்: எடை, பேட்டரி, சார்ஜர்

அக்கா முதலில் 15.6 அங்குலம்தான் கேட்டார். “பெருசா இருந்தா கண்ணுக்கு நல்லதில்லையா?” நியாயமான கேள்விதான். 15.6 அங்குலக் கணினி பொதுவாக 1.6 முதல் 1.8 கிலோ வரை இருக்கும். 14 அங்குலம் 1.3 முதல் 1.5 கிலோ. வித்தியாசம் ஒரு தண்ணீர் பாட்டில் அளவுகூட இல்லையே என்று தோன்றும். காலை நெரிசலில் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு, இன்னொரு தோளில் சாப்பாட்டுப் பையோடு போய்ப் பார்த்தால் அந்த 300 கிராம் தெரியும். வீட்டில் பெரிய திரை வேண்டுமென்றால் தனியாக ஒரு மானிட்டரைப் பிறகு வாங்கி இணைத்துக்கொள்ளலாம். எடையைப் பிறகு குறைக்க முடியாது. நிறையக் கணக்கு வழக்கு பார்த்து, தனி எண் விசைகள் இல்லாமல் முடியாது என்பவர்கள் மட்டும் 15.6 பக்கம் போகலாம்.

சார்ஜரின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமி வகுப்பில் கைப்பை 7 கிலோ. ஸ்கூட் விமானத்தில் கையோடு கொண்டுபோவது எல்லாம் சேர்த்து 10 கிலோ. ஊருக்குப் போகும்போது நம் கைப்பைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தைலம், சாக்லேட், மாத்திரை, அத்தைக்கு ஒரு போர்வை. அதில் கணினியும் சார்ஜரும் இரண்டு கிலோவுக்குள் நின்றால்தான் நிம்மதி.

பேட்டரி விஷயத்தில் “12 மணி நேரம்” என்ற விளம்பரத்தை நம்பி ஏமாற வேண்டாம். பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று சொல்லும் வாட்-மணி என்ற அளவைக் கேளுங்கள். எழுதுவது, படிப்பது போன்ற இலகுவான வேலையில் இந்த வகைக் கணினி சுமார் 8 வாட் எடுக்கும் என்று வையுங்கள். 42 வாட்-மணி பேட்டரியை 8ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 57 வாட்-மணி என்றால் ஏழு மணி நேரம். திருச்சிக்குப் பறக்கவே ஏறக்குறைய நான்கு மணி நேரம். சாங்கி விமான நிலையத்தில் காத்திருப்பது இரண்டு மணி நேரம். 50 வாட்-மணிக்குக் கீழே நான் போகமாட்டேன். வீடியோ அழைப்பு இந்தக் கணக்கை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். விமானத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பேட்டரியின் உச்ச அளவு 100 வாட்-மணி. இந்த விலைக் கணினிகள் எதுவும் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது, கவலை வேண்டாம்.

அடுத்தது, யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்று கட்டாயம் கேளுங்கள். துளை இருப்பதால் மட்டும் ஏறும் என்று சொல்ல முடியாது. சிலவற்றில் தகவல் மட்டுமே போகும். ஏறும் என்றால், 65 வாட் சின்ன சார்ஜர் ஒன்றே கைப்பேசிக்கும் கணினிக்கும் போதும். கம்பெனி சார்ஜர் கெட்டுப்போனால் ஊரில் தேடி அலைய வேண்டியதில்லை. பவர் பேங்கிலிருந்தும் ஏற்றலாம், ஆனால் விமானத்துக்குள் இல்லை: சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்துவதைத் தடை செய்துவிட்டன.

சிங்கப்பூரின் மூன்று சதுர முனைப் பிளக் மலேசியாவில் அப்படியே பொருந்தும். இந்தியாவில் முனைகள் உருண்டை. மின்னழுத்தம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட் என்பதால் அதில் பயமில்லை. சார்ஜர் பெட்டியில் ‘100-240’ என்று எழுதியிருந்தால் எங்கேயும் ஓடும். பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் வயர் கழற்றக்கூடியதாக இருந்தால், இந்திய முனை உள்ள வயர் ஒன்றை ஊரிலேயே வாங்கி அம்மா வீட்டு அலமாரியில் வைத்துவிடலாம். இரண்டு முனை அடாப்டரில் மாட்டினால், உலோக உடல் கொண்ட கணினியைத் தொடும்போது உள்ளங்கையில் மெல்லிய கூச்சம் தெரியும். பல பேர் கணினி பழுது என்று பயந்துபோகிறார்கள். எர்த் இணைப்பு இல்லாததால் சார்ஜரிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. மூன்று முனை வயரைச் சரியான எர்த் உள்ள பிளக்கில் மாட்டினால் போய்விடும்.

ஊரில் தங்கை மகளுக்கு ஒன்று வாங்கிப்போக நினைப்பவர்களுக்கு: 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியைச் சுங்கவரி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோகலாம். உத்தரவாதம் அங்கே செல்லுமா என்பதை இங்கேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல கம்பெனிகளின் அடிப்படை உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்.

விண்டோஸ் இல்லாமல்

எல்லா வேலையும் உலாவியிலேயே முடிந்துவிடும் என்பவர்களுக்கு, விண்டோஸுக்குப் பதில் கூகளின் குரோம்ஓஎஸ்ஸில் இயங்கும் குரோம்புக் நல்ல தேர்வு. குறைந்த ரேமிலும் சுறுசுறுப்பாக இருக்கும். 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்து ஆண்டு புதுப்பிப்புகள் உண்டு. அக்காவின் பள்ளி விண்டோஸ் மென்பொருள் ஒன்றைக் கேட்டதால் எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. மேக்புக் ஏர் 2024 அக்டோபரிலிருந்து 16 ஜிபியோடுதான் தொடங்குகிறது. பேட்டரியும் திரையும் மிக நல்லவை. ஆனால் 800 வெள்ளிக்குப் புதிது வராது.

எங்கே வாங்குவது, என்ன கேட்பது

பழையதிலிருந்து தொடங்குகிறேன். நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டு விடும் திங்க்பேட், லேட்டிடியூட், எலைட்புக் வகைகள் புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. உறுதியான உடல், அருமையான விசைப்பலகை, பெரும்பாலும் மாற்றக்கூடிய பாகங்கள். 400, 500 வெள்ளிதான் முடியும் என்றால், மட்டமான புதியதைவிட நல்ல பழையதை நான் தேர்வு செய்வேன். ஒரு நிபந்தனை: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். அதற்குக் கீழே உள்ளவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில் பார்க்கலாம். புதிதாக இருந்தபோது எவ்வளவு, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். அதை விற்பவரிடம் கேளுங்கள். தரத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

புதியது என்றால் கடைகளும் இணையமும் தவிர, சன்டெக், எக்ஸ்போ மண்டபங்களில் நடக்கும் கணினிக் கண்காட்சிகள் இருக்கின்றன. கூட்டத்தில் இலவசப் பையும் மவுஸும் கண்ணை மறைக்கும். மாடல் எண்ணை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். கடையில் காட்டும் விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்தே இருக்க வேண்டும். வெளிநாட்டு இணையத்தளத்தில் மலிவாகத் தெரிந்தால், வரியையும் அனுப்பும் செலவையும் கூட்டிப் பாருங்கள். உள்ளூர் உத்தரவாதம் இல்லாததையும் சேர்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் டிஜிட்டல் ஆக்சஸ் அட் ஹோம் திட்டத்தில் சலுகை விலையில் கணினியும் இணைய இணைப்பும் கிடைக்கின்றன. தகுதி உள்ள பலர் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். தயவுசெய்து விண்ணப்பியுங்கள், உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தத் திட்டமே இருக்கிறது.

அக்கா கடைசியில் 14 அங்குலம், ரைசன் 5 7530யூ, ஸ்லாட்டில் 8 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி, 300 நிட் ஐபிஎஸ் திரை, 1.4 கிலோ என்று ஒன்றை எடுத்தார். யுஎஸ்பி-சியில் சார்ஜ் ஏறும். வகுப்பில் பெரிய திரையை இணைக்க எச்டிஎம்ஐ துளையும் இருந்தது. 800 வெள்ளியில் மிச்சம் பிடித்ததை ரேமுக்கு எடுத்து வைத்திருக்கிறார்.

வாங்கிய முதல் வாரத்தில் அவரிடம் செய்யச் சொன்னவை இவை. எல்லாத் துளைகளிலும் எதையாவது மாட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து, கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று தேடுவது. கேமரா, மைக், ஒலிபெருக்கி மூன்றையும் ஒரு வீடியோ அழைப்பில் சோதிப்பது. எப்போதும் வயரில் இருக்கும் நாட்களில் சார்ஜ் 80 விழுக்காட்டோடு நிற்கும்படி கம்பெனியின் மென்பொருளில் அமைத்துவிடுவது. பேட்டரி நீண்ட நாள் வரும். ரசீதைப் படம் எடுத்து மின்னஞ்சலில் தனக்கே அனுப்பி வைப்பது. 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே நடப்பில் உள்ள, குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் லெமன் சட்டத்தின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. கடையிலிருந்து வாங்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்பதற்குப் பொருந்தாது. கடை செவிசாய்க்காவிட்டால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அந்த ஆறு மாதக் கணக்கு தொடங்கும் தேதி ரசீதில்தான் இருக்கிறது.